காற்றை வரைந்த ஓவியர் செசான்

1906-ம் ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி.

பிரான்சு நாட்டின் தென்பகுதியில் எக்ஸ் என்று ஓர் ஊர். ஊருக்கு வெளியே, திறந்த வெளியில், ஒரு கிழவர் நின்று படம் வரைந்து கொண்டிருந்தார். வயது 67. உடம்பில் நீரிழிவு நோய் வேறு.

வானம் இருண்டது. இடி இடித்தது. மழை கொட்டியது.

கிழவர் உடனே இடத்தை விட்டு நகரவில்லை. நனைந்து கொண்டே வரைந்தார். பிறகு, வண்ணப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டார். பாதி வழியில் மயங்கி விழுந்தார். சலவைத் துணி ஏற்றிச் செல்லும் வண்டியில் போட்டு அவரை வீட்டுக்குக் கொண்டு வந்து சேர்த்தார்கள்.

மறுநாள் பொழுது விடிந்தது. படுக்கையில் கிடக்க வேண்டியவர் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்! தோட்டக்காரர் வல்லியேவின் படம் பாதியில் நின்றது. அதை முடிக்க வேண்டும் என்பது அவர் கவலை.

அந்தக் கிழவர்தான் பால் செசான். இன்று உலகம் முழுவதும் ஓவியம் படிக்கிறவர்கள் முதலில் கேட்கும் பெயர்களில் ஒன்று அவர் பெயர்.

அப்படி அவர் என்ன வரைந்தார்? ஆப்பிள் பழங்களை வரைந்தார். ஒரு மலையை வரைந்தார். மனைவியை வரைந்தார். சீட்டாடும் குடியானவர்களை வரைந்தார்.

இவற்றை யார்தான் வரையவில்லை என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், செசானின் முன்னால் ஒரு கேள்வி நின்றது. ஓவியத் துணி தட்டையானது. அதற்கு முன் பக்கம் உண்டு; உள்பக்கம் இல்லை. அந்தத் தட்டைத் துணியில் தூரத்தைக் காட்டுவது எப்படி? கருப்பு நிழல் போடாமல், வண்ணத்தை மட்டும் வைத்துக் கொண்டு காட்ட முடியுமா?

இந்த ஒரு கேள்விக்காக அவர் சுமார் 35 வருடம் உழைத்தார்.

சூடு - குளிர்ச்சி

அவர் கதைக்குப் போகும் முன்பு வண்ணங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் - இந்த மூன்றும் நெருப்பின் நிறங்கள். ஓவியர்கள் இவற்றைச் சூடான நிறங்கள் என்று சொல்வார்கள். நீலம், நீலம் கலந்த பச்சை, ஊதா - இவை குளிர்ந்த நிறங்கள். தொட்டுப் பார்த்தால் சுடாது, குளிராது. பார்க்கும் போது மனதுக்கு அப்படித் தோன்றுகிறது.

ஒரு காகிதத்தில் சிவப்புப் பொட்டு ஒன்றும், நீலப் பொட்டு ஒன்றும் வையுங்கள். சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். சிவப்பு உங்களை நோக்கி வருவது போல் இருக்கும். நீலம் பின்னால் ஒதுங்குவது போல் இருக்கும்.

இதற்குக் காரணம் வெகு தூரத்தில் இல்லை. ரெயிலில் போகும் போது ஜன்னல் வழியாகப் பாருங்கள். அருகில் இருக்கும் குன்று பச்சையாகவும் பழுப்பாகவும் தெரியும். அதற்கு அப்பால் உள்ள மலை நீலமாகத் தெரியும். அதற்கும் அப்பால் உள்ள மலை வெளிறிய நீலமாக, வானத்தோடு கலந்து போயிருக்கும். அந்த மலைகளிலும் பச்சை மரங்கள்தான் இருக்கின்றன. நமக்கும் மலைக்கும் நடுவே உள்ள காற்று, சூரிய ஒளியில் உள்ள நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கிறது. அந்த நீலம் மலை மீது திரை போட்டது போல் விழுகிறது. பிறந்தது முதல் இதைப் பார்த்துப் பழகிய கண், நீலம் என்றால் தூரம் என்று தானே நினைத்துக் கொள்கிறது.

இதை முதலில் கண்டு சொன்னவர் செசான் அல்ல. இத்தாலியில் வாழ்ந்த லியனார்டோ டாவின்சி, செசானுக்குச் சுமார் 400 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதி வைத்தார். ஆனால், தூரத்து மலைக்கு மட்டுமே உரியதாக இருந்த அந்த நீலத்தை மேஜை மேல் இருக்கும் ஆப்பிள் பழத்துக்குக் கொண்டு வந்தவர் செசான்.

பாங்கிக்காரர் மகன்

செசான் 1839-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி எக்ஸ் ஊரில் பிறந்தார். தந்தை லூயி ஓகுஸ்த், தொப்பி வியாபாரம் செய்தவர். கெட்டிக்காரர். காசு சேர்த்து, ஊரில் ஒரு பாங்கியே தொடங்கி விட்டார்.

பள்ளிக்கூடத்தில் செசானுக்கு ஒரு சிநேகிதன் கிடைத்தான். தந்தையை இழந்த ஏழைப் பையன். வெளியூர்ப் பையன் என்று மற்றவர்கள் அவனைக் கேலி செய்வார்கள், அடிப்பார்கள். செசான் குறுக்கே போய் அடி வாங்கினார். மறுநாள் அந்தப் பையன் ஒரு கூடை நிறைய ஆப்பிள் பழம் கொண்டு வந்து கொடுத்தான் என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் பெரிய நாவலாசிரியராக விளங்கிய எமிலி ஜோலா.

மகன் வக்கீலாக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனும் சட்டம் படிக்கப் போனார். மனம் அதில் ஒட்டவில்லை. பாரிசுக்குப் போன ஜோலா, வா, வா என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். கடைசியில், 1861-ல் தந்தை சம்மதித்தார்.

பாரிசில் என்ன நடந்தது? நுண்கலைப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. சில மாதத்தில் மனம் உடைந்து ஊருக்குத் திரும்பி, தந்தையின் பாங்கியில் கணக்கு எழுதினார். அதுவும் பிடிக்கவில்லை. மறு ஆண்டு மீண்டும் பாரிசுக்கே போனார். தந்தை மாதாமாதம் பணம் அனுப்பினார். அந்தப் பணம்தான் சோறு போட்டது. அதுவே கழுத்தில் கயிறாகவும் இருந்தது.

அந்த நாளில் பாரிசில் ஆண்டு தோறும் 'சலோன்' என்ற பெரிய கண்காட்சி நடக்கும். அதில் படம் இடம் பெற்றால்தான் ஓவியருக்கு மதிப்பு. செசான் அனுப்பிய படங்கள் ஆண்டு தோறும் திரும்பி வந்தன.

அப்போது அவர் வரைந்த படங்கள் இருட்டாக இருக்கும். கருப்பையும் பழுப்பையும் கத்தியால் அப்பி வைப்பார். 1866-ல் தந்தையையே வரைந்தார். கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார். அவர் கையில் இருப்பது அவர் வழக்கமாகப் படிக்கும் பத்திரிகை அல்ல. ஜோலா எழுதிக் கொண்டிருந்த பத்திரிகை! நாற்காலிக்குப் பின்னால் சுவரில் மாட்டியிருப்பது செசானின் சொந்தப் படம் ஒன்று. வாய் திறந்து சொல்ல முடியாததை வண்ணத்தில் சொல்லியிருக்கிறார் மகன்.

பிசாரோவின் பாடம்

செசானுக்கு வழி காட்டியவர் காமில் பிசாரோ என்ற ஓவியர். ஒன்பது வயது மூத்தவர். பொறுமைசாலி. 1872-ல் பாரிசுக்கு அருகே உள்ள போந்துவாஸ் என்ற ஊரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வரைந்தார்கள்.

அறையை விட்டு வெளியே வந்து வரை என்றார் பிசாரோ. கருப்பை ஒதுக்கு என்றார். நிழலைக் கூர்ந்து பார்த்தால் அதில் கருப்பு இல்லை. நீலமும் ஊதாவும் இருக்கின்றன என்று காட்டினார். 33 வயதான செசான், பள்ளிக்கூடப் பிள்ளை போல, பிசாரோவின் படம் ஒன்றை வாங்கி வைத்து அப்படியே பார்த்து வரைந்து பழகினார். அவருடைய முரட்டுக் குணத்தை அறிந்தவர்கள் இதைக் கேட்டால் வியப்பார்கள்!

இருட்டு விலகியது. 1874-ல் பிசாரோ, மோனே முதலிய ஓவியர்கள் சலோனை நம்பாமல் தாங்களே ஒரு கண்காட்சி வைத்தார்கள். செசானும் மூன்று படம் வைத்தார். வந்தவர்கள் சிரித்தார்கள். 1877-ல் மீண்டும் வைத்தார். மீண்டும் சிரிப்பு.

சிரித்தவர்களில் பலர் பழைய முறைக்குப் பழகியவர்கள். பழைய முறையில் ஒரு ஆப்பிளை எப்படி வரைவார்கள்? வெளிச்சம் படும் பக்கத்தில் வெள்ளையைக் கலப்பார்கள். மறுபக்கத்தில் பழுப்பையும் கருப்பையும் கலப்பார்கள். பழம் உருண்டையாகத் தெரியும். ஆனால், நிழல் பக்கத்தில் வண்ணம் செத்துப் போகும்.

செசான் வேறு விதமாக வரைந்தார். பழத்தில் கண்ணுக்கு மிக அருகே புடைத்து நிற்கும் இடத்தில் மஞ்சள் அல்லது ஆரஞ்சு. அதை அடுத்துச் சிவப்பு. பழம் வளைந்து விலகும் இடத்தில் சற்றுப் பச்சை. விளிம்பில் நீலம். சின்னச் சின்னத் தீற்றல்களாக, சூட்டில் இருந்து குளிர்ச்சிக்குப் படிப்படியாக இறங்கினார். மஞ்சள் முன்னே வருகிறது. நீலம் பின்னே போகிறது. பழம் தானாக உருள்கிறது. கையை நீட்டி எடுத்து விடலாம் போல் இருக்கும்.

இது எளிய வேலை அல்ல. ஒரு தீற்றலுக்கும் அடுத்த தீற்றலுக்கும் நடுவே நெடுநேரம் பார்த்துக் கொண்டே நிற்பார். அதற்குள் பூ வாடிவிடும், பழம் அழுகிவிடும். காகிதப் பூவை வைத்து வரைந்ததும் உண்டு!

மறைத்து வைத்த குடும்பம்

1869-ல் செசான், ஓர்தான்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். 1872-ல் ஒரு மகன் பிறந்தான். செசானுக்கு வயது 32. ஆனால், தந்தையிடம் சொல்லப் பயம். சொன்னால் பணத்தை நிறுத்தி விடுவாரே!

ஆண்டுக் கணக்கில் மறைத்தார். 1878-ல் மனைவியும் மகனும் மார்சேல் நகரில் இருந்தார்கள். இவர் தந்தையோடு எக்ஸ் ஊரில். ஒரு நாள் ரகசியமாக மகனைப் பார்த்து விட்டுத் திரும்பும் போது ரெயில் தவறி விட்டது. இரவுச் சாப்பாட்டுக்குள் வீட்டில் இல்லாவிட்டால் தந்தைக்குச் சந்தேகம் வரும். சுமார் 30 கிலோ மீட்டர் தூரம் நடந்தே வந்தார். அப்படியும் ஒரு மணி நேரம் தாமதம். அப்போது அவருக்கு வயது 39!

தந்தை மகனுக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படிப்பவர். ஒரு கடிதத்தில் செசானின் மனைவி, பிள்ளை என்று எழுதியிருந்தது. குட்டு உடைந்தது. 200 பிராங்க் கொடுத்து வந்தவர், 100 ஆகக் குறைத்தார். மூன்று பேர் எப்படிப் பிழைப்பது? பழைய சிநேகிதர் ஜோலாதான் பணம் அனுப்பிக் காப்பாற்றினார்.

1886-ம் ஆண்டு ஒரே ஆண்டில் எல்லாம் நடந்தது. ஏப்ரலில் ஓர்தான்சைச் சட்டப்படி மணந்தார். அக்டோபரில் தந்தை காலமானார். பெரிய சொத்து கைக்கு வந்தது. பணக் கவலை ஒழிந்தது.

ஆனால், அதே ஆண்டில் ஜோலா ஒரு நாவல் வெளியிட்டார். அதில் வரும் ஓவியன், நினைத்ததை வரைய முடியாமல் தோற்று, தன் படத்தின் முன்னாலேயே தூக்குப் போட்டுக் கொள்கிறான். அந்த ஓவியனின் இளமைக் கதை, செசானின் இளமைக் கதை போலவே இருந்தது. செசான், நன்றி தெரிவித்துச் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதினார். அதோடு நட்பு முறிந்தது என்றே நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். 1887-ல் அவர் எழுதிய இன்னொரு கடிதம் பிற்காலத்தில் கிடைத்தது. ஆகவே, உடனே முறிந்து விடவில்லை. ஆனாலும் பழைய நெருக்கம் திரும்பவில்லை. 1902-ல் ஜோலா இறந்த செய்தி வந்த போது, செசான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக் கொண்டு அழுதார்.

மலை

எக்ஸ் ஊருக்குக் கிழக்கே சேந்த் விக்துவார் என்று ஒரு மலை. உயரம் சுமார் ஆயிரம் மீட்டர். சுண்ணாம்புப் பாறை. இந்த மலையைச் செசான் 30-க்கும் மேற்பட்ட தைல ஓவியங்களில் வரைந்தார். நீர் வண்ணப் படங்கள் வேறு.

மலையின் முன்னே வயல், வீடு, கூரை, மரம். வயலுக்கு மஞ்சளும் காவியும். கூரைக்கு ஆரஞ்சு. மலைக்கு நீலம். பார்க்கிறவர் கண் வயலில் இறங்கி, நடந்து, மலை வரை போகும்.

இவ்வளவுதானா என்று நினைத்து விடக் கூடாது. அருகில் எல்லாம் சிவப்பு, தொலைவில் எல்லாம் நீலம் என்று பூசினால் அது நாடக மேடைத் திரை போல ஆகிவிடும். முன்புறம் தனியாகப் பிய்ந்து வந்து விடும். 1887 வாக்கில் வரைந்த ஒரு மலைப் படம் லண்டனில் கோர்ட்டால்டு காட்சிக் கூடத்தில் இருக்கிறது. அதில் தூரத்து மலையின் மேல் இளஞ்சிவப்பைத் தடவியிருக்கிறார். மிக அருகே தொங்கும் பைன் மரக் கிளையில் நீலம் கலந்த பச்சையை வைத்திருக்கிறார். தூரத்தில் கொஞ்சம் சூடு. அருகில் கொஞ்சம் குளிர்ச்சி. மலை விலகியும் நிற்கிறது, மரத்தோடு சேர்ந்தும் நிற்கிறது. என்னைக் கேட்டால், அவருடைய முழுத் திறமையும் இந்த இடத்தில்தான் தெரிகிறது என்பேன்.

இந்தப் படத்தை 1895-ல் அவர் தம் சொந்த ஊர்க் கண்காட்சியில் வைத்தார். ஊராருக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரே ஒரு வாலிபக் கவிஞர் - பழைய பள்ளித் தோழரின் மகன் - படம் நன்றாக இருக்கிறது என்றார். செசான் படத்தை அவருக்கே கொடுத்து விட்டார்! ஊர் அருங்காட்சியகத் தலைவரோ, தாம் உயிரோடு இருக்கும் வரை செசானின் படம் உள்ளே நுழையாது என்று சபதம் செய்தார். சொன்னபடி செய்தும் காட்டினார்.

அதே 1895-ம் ஆண்டில்தான் பாரிசில் கதவு திறந்தது. வொலார் என்ற இளம் வியாபாரி, செசானின் படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தினார். செசானுக்கு வயது 56. வயதில் இளைய ஓவியர்கள் வந்து பார்த்துத் திகைத்தார்கள்.

பிறகு செசான் வொலாரையே வரைந்தார். 115 முறை உட்கார வைத்தார். வொலார் ஒரு நாள் தூங்கி, நாற்காலியோடு கீழே விழுந்தார். ஆப்பிள் அசையுமா, அது போல அசையாமல் உட்கார வேண்டாமா என்று செசான் அவரைக் கடிந்து கொண்டார். படத்தில் கையின் மேல் இரண்டு சின்ன இடங்கள் வண்ணம் படாமல் இருந்தன. ஏன் என்று வொலார் கேட்டார். பொருந்தாத வண்ணத்தை அங்கே வைத்து விட்டால், அந்த இடத்தில் இருந்து தொடங்கி முழுப் படத்தையும் திரும்ப வரைய வேண்டியிருக்கும் என்றார் செசான். ஒரு நிறம் சூடா, குளிர்ச்சியா என்பதைப் பக்கத்து நிறம்தான் முடிவு செய்கிறது. வெறும் சாம்பல் நிறம் கூட நீலத்தின் பக்கத்தில் சூடாகத் தெரியும். ஆரஞ்சின் பக்கத்தில் குளிர்ந்து போகும். அதனால்தான் அவருக்கு அந்தப் பயம்.

115 நாள் கழித்து, சட்டையின் முன்பக்கம் பரவாயில்லை என்று சொல்லி நிறுத்திக் கொண்டார்!

1904-ல் எமில் பெர்னார் என்ற இளம் ஓவியருக்குச் செசான் கடிதங்கள் எழுதினார். இயற்கையில் பரப்பை விட ஆழமே அதிகம் என்று அதில் விளக்கினார். சிவப்பும் மஞ்சளும் ஒளியைக் காட்டும். அவற்றின் நடுவே போதிய அளவு நீலத்தைச் சேர்த்தால்தான் காற்று இருப்பது தெரியும் என்றார். காற்றைக் கண்ணால் பார்த்தவர் யார்? ஆனால், அவர் படத்தில் மரத்துக்கும் மலைக்கும் நடுவே காற்று இருக்கிறது.

கணினித் திரையில்

இன்று துணியும் தூரிகையும் இல்லாமலே படம் வரைகிறார்கள். கணினியில் வரைகிறார்கள், கைபேசியில் விரலால் வரைகிறார்கள். தொட்டால் கோடிக்கணக்கான நிறம் வருகிறது. ஆனால், திரையும் தட்டைதான். செசானின் கேள்வி அப்படியே இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை கைபேசியில் வரைகிறதா? ஒரு பழத்தை வரையச் சொல்லுங்கள். நிழலுக்குக் கருப்பை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீலமோ ஊதாவோ எடுக்கட்டும். வெளிச்சத்தில் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் வைக்கட்டும். பின்னால் உள்ள சுவரில் கொஞ்சம் நீலச் சாயல். பிறகு, அந்தச் சுவரில் எங்கோ ஓர் இடத்தில் பழத்தின் நிறத்தைத் துளி தொட்டு வைக்கட்டும். முன்னே செய்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசி நாட்கள்

மழையில் நனைந்த செசான் பிழைக்கவில்லை. தோட்டக்காரர் படத்தை வரைந்தவர் மீண்டும் படுக்கையில் விழுந்தார். பாரிசில் இருந்த மனைவிக்கும் மகனுக்கும் தந்தி போயிற்று. அவர்கள் வந்து சேரும் முன், ஒரு வார காலத்தில் உயிர் பிரிந்தது.

மறு ஆண்டு, 1907-ல், பாரிசில் அவருடைய 56 படைப்புகளைத் திரட்டி வைத்தார்கள். பிக்காசோ, மத்தீஸ் போன்ற வாலிப ஓவியர்கள் செசானைத் தங்களுக்கெல்லாம் தந்தை போன்றவர் என்று கொண்டாடினார்கள். சீட்டாடுகிறவர்கள் படங்களில் ஒன்று, பிற்காலத்தில் 25 கோடி டாலருக்கு மேல் விலை போனதாகச் செய்தி வந்தது.

கடைசி நான்கு வருடம் அவர் வேலை செய்த கூடம், எக்ஸ் ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் இருக்கிறது. 1902-ல் கட்டி முடித்தது. அதை இடித்து விடாமல், அமெரிக்க அன்பர்கள் பணம் திரட்டி வாங்கிக் காப்பாற்றினார்கள். அவருடைய கோட்டு, ஜாடிகள், வரைவதற்கு வைத்த மண்டை ஓடுகள் எல்லாவற்றையும் அங்கே பாதுகாத்து வைத்தார்கள்.

வடக்குச் சுவரில், பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில், மேலிருந்து கீழ் வரை ஒரு நீண்ட பிளவு உண்டு. குளிக்கும் பெண்களை ஒரு பெரிய துணியில் அவர் வரைந்து கொண்டிருந்தார். ஏழடி உயரம், எட்டடி அகலம். அது வாசல் வழியாகப் போகாது. அதை வெளியே எடுப்பதற்காகவே சுவரில் அந்தப் பிளவை வைத்துக் கட்டினார். ஏழு வருடம் வரைந்தும் அந்தப் படம் முடியவில்லை. துணியில் அங்கங்கே வெள்ளை தெரிகிறது. அவர் இறந்த பிறகு அது அமெரிக்காவுக்குப் போய், பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் இடம் பிடித்தது.